வாசலில் வேப்பிலை, அடுப்பில் கடுகு: பூதலூர்ப் பக்கம் ஒரு சந்தேகப் பயணம்

பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: ‘பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் மக்களைக் காத்தனவா, வாட்டினவா?’ சீட்டு குலுக்கியதில் எனக்குக் ‘காத்தன’ விழுந்தது. என் உயிர்த்தோழியும் அன்று முதல் என் ஜென்ம விரோதியுமான நஸ்ரினுக்கு ‘வாட்டின’. அவளுக்கு ஊர் அதிராம்பட்டினம். தஞ்சாவூர் விடுதியில் தங்கி என்னோடு பிளஸ் டூ படிக்கிறாள்.

இணையத்தில் தேடினால் ஒரே விஷயத்துக்கு நாலு பேர் நாலு படம் போட்டு வைத்திருக்கிறார்கள். கோடு மேலே போகிற படமும் இருக்கிறது, அதே கோடு கீழே போகிற படமும் இருக்கிறது. எதையும் நம்ப முடியவில்லை. அதனால் நேரே போய் மனிதர்களைக் கேட்பது என்று முடிவு செய்தோம். நான் மட்டும் போனால் என் பக்கத்துக்குத் தோதாகச் சாட்சி தயார் செய்வேன் என்று நஸ்ரின் சந்தேகப்பட்டாள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டே கிளம்பினோம்.

போன இடம், பூதலூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் என் மலர் அத்தையின் ஊர். ஊர்ப்பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அத்தை என்னை என்ன செய்வார் என்பது கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

பொங்கல் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை. தஞ்சாவூரிலிருந்து காலைப் பாசஞ்சரில் பத்து ரூபாய் டிக்கெட், இருபது கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்துக்குள் பூதலூர். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் பாதி வயல் அறுத்தும் பாதி அறுக்காமலும், முடிவெட்டும்போது கரண்டு போன தலை மாதிரி இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே மினி பஸ். ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர், தலைக்குப் பதினைந்து ரூபாய். ஏறும்போது இருமிய ஒரு பெரியவரை டிரைவர் கண்ணாடியிலேயே முறைத்தார்.

“என்னங்கய்யா, காய்ச்சலா?”

“சேச்சே. பீடிப் புகைப்பா.”

“பீடி நானும் குடிக்கிறேன். இப்படி இருமுறதில்லையே.”

பெரியவர் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நஸ்ரின் என் விலாவில் இடித்தாள். நானும் கவனித்துவிட்டேன் என்று தலையாட்டினேன்.

அத்தையின் தெருவில் நுழைந்ததும் அடுத்த ஆச்சரியம். வரிசையாக நாலு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. கடைசி வீடு அத்தையுடையது. அங்கேயும் வேப்பிலை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே அம்மை போட்டிருக்கிறது, வெளியாள் வராதே. யாரும் அந்தப் படி ஏறமாட்டார்கள். கடன்காரர் முதல் கட்சிக்காரர் வரை தெருவோடு நின்று திரும்பிவிடுவார்கள். என் கட்சிக்கு அருமையான ஆதாரம் என்று உள்ளுக்குள் குதித்தேன். அரசாங்கம் சொல்வதற்கு ஆயிரம் வருஷம் முன்பே நம் ஜனங்கள் தனிமைப்படுத்தலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் அல்லவா!

அத்தை வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். “கயலு, உள்ள வராதடி. முகிலுக்கு அம்மை. ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?”

முகில் அத்தையின் மகன், ஒன்பது வயது. மாமா சிங்கப்பூரில் இருக்கிறார். அத்தைதான் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்கிறார்.

சரி என்று பின்வாங்கப் போனேன். அப்போதுதான் என் மூக்கு வேலை செய்தது. வீட்டுக்குள்ளிருந்து கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற வாசம். அம்மை போட்ட வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே ஏறாது. தாளிக்கக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு ஆறாவது படிக்கும்போது அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை உப்பும் சப்புமில்லாத சோற்றைத் தின்று, பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசத்துக்குக் கண்ணீர் விட்டவள் நான். அந்த வாசத்தில் நான் ஏமாறமாட்டேன்.

“அத்தை, என்ன குழம்பு?”

அத்தையின் கை கீழே இறங்கியது. நஸ்ரினுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முகில் பாயில் சுருண்டு கிடந்தான். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. உதடு மட்டும் வெடித்திருந்தது.

“அக்கா,” என்று முனகினான். “எனக்கு அம்மை இல்லையாம். ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம்.”

அதற்குப் பிறகு அத்தையிடம் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது? எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தெருவில் பத்து நாளாக ஒரு காய்ச்சல் சுற்றுகிறது. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாருக்கும் விருப்பமில்லை. ஏனென்றால் அத்தையின் நெல் மொத்தமும் ஊர்க்கோடியில் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடக்கிறது. அன்றைக்குத்தான் அவர் முறை. மூட்டை பிடித்து எடைபோட பக்கத்து ஊரிலிருந்து லோடுமேன்கள் வர வேண்டும். காய்ச்சல் ஊர் என்று பெயர் கிளம்பினால் அவர்கள் வரமாட்டார்கள்.

“அதெப்படி வராம இருப்பாங்க?” என்றாள் நஸ்ரின்.

“வராம இருந்தாங்களே! ரெண்டாவது ஊரடங்குல இந்தத் தெருவுல மூணு வீட்டுக்குக் கொரோனா. ரெண்டு பக்கமும் தகரம் வச்சு அடிச்சிட்டாங்க. கோடை நெல்லு களத்துல கெடக்கு. மழை வருது. மாடியில நின்னா தார்ப்பாய் காத்துல பறக்குறது தெரியுது. இழுத்து மூட ஒரு ஆள் இல்ல. லோடுமேன் எவனும் ஊர் எல்லையை மிதிக்கல. தகரத்தைப் பிரிச்சப்ப நெல்லு பச்சையா மொளைச்சு நின்னுச்சு. வாத்து மேய்க்கிற ஆளு வந்து அள்ளிட்டுப் போனாரு. அந்தக் கடனை இப்பதான் அடைச்சேன். இன்னொரு தடவை என்னால ஆகாது கயலு.”

நஸ்ரின் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். வாட்டின கட்சிக்கு முதல் மதிப்பெண்.

“அதுக்கு ஏன் வேப்பிலை?” என்றேன்.

“நர்சம்மா வீடு வீடா வந்து யாருக்குக் காய்ச்சல்னு கேக்குது. வேப்பிலை கட்டுனா எந்தப் பொம்பளையும் படியேறாது. அம்மை வருஷா வருஷம் வர்றதுதானேன்னு லோடுமேனும் பயப்படமாட்டாங்க.” அத்தை என் கையைப் பிடித்தார். “இன்னிக்கு ஒரு நாள். நெல்லு போட்டு முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். முகிலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு மடக்குக் குடித்து ஓங்கரித்தான். எதிர்வீட்டு அக்காவை அவனுக்குக் காவல் வைத்துவிட்டு அத்தை எங்களைக் களத்துக்கு அழைத்துப்போனார்.

கொள்முதல் நிலையம் என்பதைப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கட்டடம், முன்னால் சிமெண்ட் களம், களத்துக்கு வெளியே சாலையோரம் வரை தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல்கள். இங்கே ஒரு கருவியை நெல்லுக்குள் விட்டு ஈரப்பதம் பார்க்கிறார்கள். பதினேழுக்கு மேல் போனால் காயவைக்கச் சொல்கிறார்கள். எனக்கும் பதினேழுதான் வயது. இரண்டு விஷயத்திலும் பதினேழைத் தாண்டியவர்களுக்குத்தான் இந்த நாட்டில் சோதனை ஆரம்பம்.

அத்தையின் குவியலருகே லோடுமேன்களின் தலைவர் ரத்தினம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் சிவப்புத் துண்டு. ஆனால் அவரோடு வர வேண்டிய ஆட்களில் பாதிப்பேரைக் காணோம்.

“மத்தவங்க எங்கண்ணே?” என்றார் அத்தை.

“எங்க தெருவுல அம்மைக்கா. ரெண்டு மூணு வீட்ல வேப்பிலை கட்டியிருக்கு. என் வீட்லயும்தான். அம்மை வீட்டு ஆளு வேலைக்கு வரலாமான்னு யோசிச்சேன். நீ தனியா நிக்கிறியேன்னு வந்தேன்.” சொல்லிவிட்டு அத்தையை ஒரு மாதிரி பார்த்தார். “உங்க தெருவுலயும் அம்மையாமே?”

“ஆமாண்ணே. இந்த வருஷம் வெயில் முன்னாடியே வந்துடுச்சு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஆராய்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! பழைய நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற கடைக்காரர்கள் தோற்றார்கள்.

நாங்கள் வந்த வேலையை ஆரம்பித்தோம். ஊரடங்கைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், ரத்தினம் மடை திறந்தார்.

“ஓட்டுக் கேட்டு லாரி லாரியா ஆள் வந்தப்ப வராத கொரோனா, நாங்க நாலு பேரு மூட்டை தூக்குனா வருமாம். அதுக்கு எந்த டாக்டர் கணக்குச் சொன்னாரு பாப்பா?”

“எங்க வாப்பா மீன் யாவாரம்,” என்றாள் நஸ்ரின். “படகு போகக்கூடாதுன்னாங்க. அப்புறம் படகு போகலாம், மீன் விக்கக்கூடாதுன்னாங்க. பிடிச்ச மீனை வச்சு என்ன செய்றது? பரீட்சையா எழுதச் சொல்றது?”

“ரேஷன்ல பணம் கொடுத்தாங்கல்ல, அரிசி கொடுத்தாங்கல்ல?” என்றேன், என் கட்சியைக் காப்பாற்ற.

“கொடுத்தாங்க,” என்றார் அத்தை. “நெல்லு வெளையவச்சவ தகரத்துக்குப் பின்னாடி நின்னு இலவச அரிசி வாங்குனேன். அதையும் எழுதிக்க.”

அந்த நேரத்தில்தான் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கிராமச் செவிலியர். ஊரில் எல்லோரும் நர்சம்மா என்கிறார்கள். முகக்கவசத்தை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தவர் அந்தக் களத்தில் அவர் ஒருவர்தான். எங்கள் பட்டிமன்றத் தலைப்பைக் கேட்டதும் சிரிப்பில்லாமல் சொன்னார்.

“அந்தத் தகரத்தை வைக்கச் சொல்லி எழுதுனது நான்தான். அந்தத் தெருவுல ஒரு உசுரு போகல. அடைக்காத கீழத் தெருவுல சாவு விழுந்துச்சு. நான்தான் கூட நின்னேன்.”

“நாங்க சாகல சிஸ்டர். எங்க நெல்லு செத்துச்சு,” என்றார் அத்தை.

“தெரியும் மலர். நெல்லை மூட ஆள் விடுங்கன்னு நானும் கேட்டேன். யாரு காதுலயும் விழல.” நர்சம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “இப்ப அதுக்கு வரல. ரெண்டு ஊர்லயும் சேர்த்து ஏழு வீட்ல வேப்பிலை பாத்துட்டேன். ஒரே நேரத்துல இத்தனை அம்மைன்னா நான் மேல சொல்லியே ஆகணும், சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில டீம் வருது. ரத்தம் எடுப்பாங்க, பிள்ளைங்களுக்கு ஊசி போட்டதா இல்லையான்னு பாப்பாங்க. சாதாரணக் காய்ச்சலா இருந்திருந்தா நானே மாத்திரையைக் கொடுத்துட்டுப் போயிருப்பேன்.”

சின்ன நாயைத் துரத்தப் பெரிய நாயின் படத்தை மாட்டினார்கள். அந்தப் பெரிய நாய் நிஜமாகவே வருகிறது. அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. ரத்தினத்தின் முகமும் அதே நிறத்தில் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அம்மை நிஜமென்றால் அவர் ஏன் பயப்பட வேண்டும்?

அவர் பேச்சை மாற்றுவதற்காகத் தூக்குச்சட்டியைத் திறந்தார். மோர்க்குழம்பு. மேலே கடுகும் காய்ந்த மிளகாயும் தாராளமாக மிதந்தன.

அத்தையின் ரகசியத்தைச் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். மற்றவர்கள் குழம்பைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று செய்யவில்லை.

“ரத்தினண்ணே,” என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. “அம்மை போட்ட வீட்ல கடுகு தாளிக்கலாமா?”

அவர் கை சட்டிக்குள்ளேயே நின்றது. நர்சம்மா சட்டியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். இன்னும் ஒரு நொடியில் ரத்தினம் ஏதாவது பொய் சொல்லியிருப்பார். அதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“அவரை ஏன்டி கேக்குற? நானும்தான் தாளிச்சேன்.”

அத்தை நர்சம்மாவின் முன்னால் வந்து நின்றார். “அம்மை இல்ல சிஸ்டர். காய்ச்சல். நாலு வீட்லயும். முகிலுக்கு மூணு நாளாச்சு. தண்ணி கூட தங்கமாட்டேங்குது.”

“ஒண்ணுக்கு எப்பப் போனான்?”

“நேத்து ராத்திரி.”

“நேத்து ராத்திரியா? இப்ப மணி என்ன? படிச்சவதான நீ?” நர்சம்மா ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். “ஏறு. பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். டிரிப்ஸ் ஏத்தணும்.”

அத்தை அசையவில்லை. கிழக்கே வானம் சாம்பல் பூத்திருந்தது. குவியலைப் பார்த்தார். “தெருவை அடைக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க.”

“நான் சொல்லமாட்டேன். அது என் கையில இல்ல. அம்மை இல்ல, காய்ச்சல்தான்னு இப்பவே போன் பண்ணிச் சொல்றேன். அவ்வளவுதான் முடியும். பொய்யா வாக்குக் கொடுத்தா நாளைக்கு நீ என்னைத் திரும்பவும் படியேற விடமாட்டே.”

அப்போதும் அத்தை ரத்தினத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார்.

“போக்கா. என் வீட்லயும் காய்ச்சல்தான். என் சம்சாரத்துக்கு. அது தெரிஞ்சா நீங்க எங்களைக் களத்துல ஏத்தமாட்டீங்கன்னுதான் நாங்களும் வேப்பிலையை ஒடிச்சோம்.”

“அன்னிக்கு நீங்க வரலையே அண்ணே.”

“வரல. பயம். அதுக்கு மேல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இன்னிக்கு வந்திருக்கேன்ல? பிள்ளையப் பாரு.”

அத்தை ஸ்கூட்டரில் ஏறினார். ஏறிய பிறகும் என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்: “தராசை விட்டுக் கண்ணை எடுக்காத. தூறல் விழுந்தா தார்ப்பாயோட வடக்கு முனையை முதல்ல இழு. அங்கதான் கிழிசல்.”

நர்சம்மா கொடுத்துவிட்டுப் போன முகக்கவசங்களை எல்லோருக்கும் விநியோகித்தோம். ரத்தினம் அதைத் தாடைக்கு மாட்டிக்கொண்டார். இருமுகிற ஒருவரை அவரே வீட்டுக்கு அனுப்பினார். மிச்சமிருந்த மூன்று பேரோடு அவரும் மூட்டை பிடித்தார். நான் தராசுக்கு அருகே ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“பாப்பா, நீ தராசைப் பாக்குறியா, என்னைப் பாக்குறியா?”

“ரெண்டையும்தாண்ணே.”

“பாரு, பாரு. உங்க அத்தை வளர்த்த பிள்ளையாச்சே.”

மூன்று மணிக்குத் தூறல் போட்டது. நானும் நஸ்ரினும் வடக்கு முனைக்கு ஓடினோம். ஈரத் தார்ப்பாய் இரண்டு எருமை கனம் இருக்கும். நாங்கள் இழுத்த லட்சணத்தைப் பார்த்து ரத்தினமே வந்து ஒரே இழுப்பில் மூடினார். தூறல் கால் மணி நேரத்தில் நின்றது. நாலரைக்குக் கடைசி மூட்டையைத் தைத்தார்கள். அத்தைக்கு போன் செய்தேன். முகில் ஒண்ணுக்குப் போய்விட்டான் என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போலச் சொன்னார். நெல்லைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டார்.

இதோடு சுபம் போட்டிருந்தால் நானே என்னை நம்பமாட்டேன். மறுநாள் டீம் வந்தது. பார்த்தார்கள், சிலருக்கு ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். தகரம் வைக்கவில்லை. ஆனால் காய்ச்சல் கண்ட லோடுமேன்களைக் கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். களத்தில் வேலை பாதியாகிவிட்டது. அத்தைக்கு அடுத்து வரிசையில் நின்றவர்கள், “நீ வாயத் தொறந்துட்டு உன் நெல்லைப் போட்டுட்ட, நாங்க கெடக்குறோம்” என்று அத்தையோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. காத்தனவா வாட்டினவா என்று நானும் நஸ்ரினும் திரும்பி வரும் ரயிலில் வாதாடவே இல்லை. வாதாட ஆரம்பித்தால் இரண்டு பேருமே கட்சி மாறிவிடுவோம் என்று பயம்.

நீங்களும் அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். கடைசி மினி பஸ் ஆறு மணிக்கு. தவறவிட்டால் ஆட்டோ இருநூறு கேட்பார்கள், நூற்றைம்பதுக்கு வருவார்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். நெற்சுணை உடம்பில் ஒட்டினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். நெல் எடை போடுகிற நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். சாப்பிடும்போது கேளுங்கள். லேசாக இருமல் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கைப்பையில் நாலு முகக்கவசம் இருக்கட்டும்.

நான் அதை எடுத்துப்போகவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். புதன்கிழமை பட்டிமன்றம். அம்மா, “என்னடி, கண்ணு சிவந்திருக்கு?” என்றதும் என் வாயில் தானாக வந்தது: “நெற்சுணைம்மா.” யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முகிலின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அத்தையை அழைத்தேன். அவன் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறானாம். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“காய்ச்சலா?”

“ம்.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. சொன்னா மேடையேற விடமாட்டாங்க. வகுப்பு மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டா எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க.”

அத்தை சொன்னார்: “சொல்லிடு. சொல்லிட்டு என்ன ஆகுதுன்னு எனக்கு போன் பண்ணு. அடுத்த தடவைக்கு எனக்கும் தெரியணும்ல.”

டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. இன்னும் பதில் இல்லை.